மூன்றாவது கம்பி

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வேதநாயகம் எடை இயந்திரத்தில் ஏறினார். இறங்கினார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். மறுபடி இறங்கி, கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, சட்டைப்பையில் இருந்த பேனா மூன்றையும் டாக்டரின் மேசையில் வைத்துவிட்டு மூன்றாம் முறை ஏறினார்.

"எண்பத்தஞ்சு புள்ளி நாலு," என்றார் டாக்டர் அறிவுக்கொடி. "பேனாவுக்கு எல்லாம் கனம் கிடையாது சார்."

போன திங்கள் எண்பத்து மூன்று புள்ளி ஏழு. அதற்கு முந்தைய திங்கள் எண்பத்திரண்டு. அவர் மட்டும் என்றால் பரவாயில்லை. அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற முப்பத்தொரு பேருக்கும் அதே மாதிரி எடை ஏறியிருந்தது. வெல்டர் ஏறியிருந்தார், கணினிக்காரப் பெண் ஏறியிருந்தாள், காலையில் வெள்ளரிக்காயும் மாலையில் வெந்நீரும் மட்டும் சாப்பிடும் டாக்டரே ஒன்றரைக் கிலோ ஏறியிருந்தார். தனக்கும் ஏறியதுதான் டாக்டரை அதிகம் உறுத்தியது.

இது நடந்த இடம் பூமிக்கு நானூறு கிலோமீட்டர் மேலே. பழுதான செயற்கைக்கோள்களைப் பிடித்து வந்து ரிப்பேர் செய்து திருப்பி அனுப்பும் ஒரு பட்டறை. அதற்கு நீளமான அரசாங்கப் பெயர் ஒன்று இருந்தது. அங்கே வேலை செய்தவர்கள் சக்கரம் என்றுதான் சொன்னார்கள். சொல்லப்போனால் சக்கரமேதான். நடுவில் அச்சு, சுற்றிலும் வளையம். வளையம் முப்பது வினாடிக்கு ஒரு சுற்று சுற்றியது. அந்தச் சுழற்சி ஆட்களை வளையத்தின் வெளிச்சுவரோடு அழுத்திப் பிடிக்க, அந்தச் சுவரே அவர்களுக்குத் தரை. பூமியில் நூறு கிலோ கனக்கிற ஆள் அங்கே அறுபதாகக் கனப்பான். டாக்டரின் எடை இயந்திரம் அந்தக் குறைந்த இழுப்புக்கு ஏற்றபடி திருத்தப்பட்டு, பூமிக் கணக்கிலேயே எடை சொல்லும்.

சக்கரத்தின் தலைவர் வேதநாயகம். முப்பத்திரண்டு பேரின் உயிருக்கும் உடம்புக்கும் அவர் பொறுப்பு. அன்று காலை அவர் தன் பேனாவை எடுத்துக்கொண்டு நேராகச் சமையலறைக்குப் போனார்.

சமையலறையில் கோசலை இருந்தாள். விருதுநகரில் பதினெட்டு வருடம் மெஸ் நடத்தியவள். நாற்பத்தாறு வயது. வெண்பொங்கலில் கரண்டியை நட்டால் நிற்க வேண்டும், எடுத்தால் நெய் வழிய வேண்டும் என்பது அவள் கொள்கை. அவள் வந்த பிறகு சக்கரத்தில் ஒருவரும் ஊருக்கு மாற்றல் கேட்கவில்லை.

அவள் ஏன் மேலே வந்தாள் என்பது எல்லோருக்கும் தெரியும். முழங்கால்கள். இரண்டு மூட்டிலும் சவ்வு தேய்ந்து, ஊரில் அடுப்படியில் அரை மணி நேரம் நின்றால் அடுத்த அரை மணி நேரம் உட்கார்ந்து அழ வேண்டும். இங்கே நூறுக்கு அறுபதாக அடங்கிவிட்ட உடம்போடு காலை நாலு மணியிலிருந்து மத்தியானம் வரை நின்றாள். நின்றபடி பாடினாள். நிற்பதைத்தான் அவள் சம்பளமாக நினைத்தாள் என்று தோன்றும்.

வேதநாயகம் அவளிடம் நெய்யை நிறுத்தச் சொன்னார். அவள் நிறுத்தினாள்.

அந்த வெள்ளிக்கிழமையும் மயில்சாமிக்கு மதியச் சாப்பாடு எடுத்துக்கொண்டு அச்சு அறைக்குப் போனவள், வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் அங்கே இருந்துவிட்டு வந்தாள்.

மயில்சாமி சக்கரத்தின் மின்பொறியாளன். கோயமுத்தூர் கணபதியில் ஒரு மோட்டார் பட்டறையில் ஆரம்பித்து, படித்து, பரீட்சை எழுதி, நாற்பத்தொரு வயதில் ஆகாயத்தில் வேலை செய்தான். அவன் வேலையில் முக்கியமான ஒன்றைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும்.

வளையம் சரியான வேகத்தில் சுற்றுகிறதா என்று பார்க்க அச்சில் என்கோடர் என்ற கருவி உண்டு. இரண்டு இருக்க வேண்டும். ஒன்று போன வருடமே போய்விட்டது. மற்றது ஆயுத பூஜைக்கு நாலு நாள் முன்னால் போனது. கீழேயிருந்து புதிதாக ஒன்றே ஒன்று வந்து சேர்ந்தது; இன்னொன்று அடுத்த விண்வெளி ஓடத்தில் வரும் என்றார்கள். பூஜையன்று காலை மயில்சாமி அதை அச்சில் மாட்டி, கன்ட்ரோலரோடு இணைத்துக்கொண்டிருந்தான். அச்சு அறையில் எடை என்பதே கிடையாது. அவன் தலைகீழாக மிதந்தபடி திருகிக்கொண்டிருக்க, கோசலை சந்தனக் கிண்ணத்தோடு மிதந்து வந்தாள்.

பூஜைக்கு வேதநாயகம் ஒரு சுற்றறிக்கை போட்டிருந்தார். பொடி தூவக் கூடாது, மிதக்கும். கெட்டியாகக் குழைத்த சந்தனமும் குங்குமமும் மட்டும். அதுவும் இயந்திரங்களின் வெளி மூடியில் மட்டும். பொட்டு வைக்கும் பொறுப்பு கோசலைக்கு. டாக்டர் அறிவுக்கொடி அந்தச் சுற்றறிக்கையைப் படித்துவிட்டுச் சிரித்தார். அவருடைய அப்பா கறுப்புச் சட்டைக்காரர். மகளுக்குப் பெயர் வைத்த விழாவில் எலுமிச்சம்பழத்தை மிதித்துக் காட்டியவர். மருத்துவ அறைக் கருவிகளுக்குப் பொட்டு வேண்டாம், டெட்டால் போதும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

"இதென்ன தம்பி, கண்ணாடித் தட்டு?" என்று கேட்டாள் கோசலை.

"இதாங்க்கா எல்லாமே. தட்டுல ஐயாயிரம் கோடு இருக்குது. இந்தப் பக்கம் விளக்கு, அந்தப் பக்கம் ஒரு கண்ணு. வளையம் சுத்தறப்ப தட்டும் சுத்தும். ஒவ்வொரு கோடும் தாண்டத் தாண்ட, ஒண்ணு ரெண்டுன்னு கன்ட்ரோலருக்குச் சொல்லும். கோடு மெதுவா வந்தா வேகத்தைக் கூட்டும். வேகமா வந்தாக் குறைக்கும்."

"கோடு எண்ணித்தான் நம்ம எல்லாம் தரையில நிக்கிறமா?"

"ஆமாங்க்கா. இது கண்ணை மூடுச்சுன்னா நம்ம கதை முடிஞ்சுது."

கோசலை அந்தத் தட்டை மரியாதையோடு பார்த்தாள். பிறகு, கம்பி மூன்று இருக்கிறதே, நீ இரண்டைத்தானே மாட்டினாய் என்று கேட்டாள். முதல் கம்பி எண்ணுவதற்கு, இரண்டாவது எந்தத் திசை என்று சொல்வதற்கு, மூன்றாவது ஒரு முழுச் சுற்று முடிந்தால் மணி அடிப்பதற்கு என்று மயில்சாமி விளக்கினான். கன்ட்ரோலர் பழசு, மூன்றாவது முனையின் திருகு மரை தேய்ந்துவிட்டது. அதை மாற்ற அரை நாள் பிடிக்கும். கீழே வளையத்தில் சுண்டல் ஆறிக்கொண்டிருந்தது.

"எங்க பட்டறைல இதை டேப் சுத்தி விட்டுருவோங்க்கா. ரெண்டு கம்பி போதும், ஓடும்," என்று சொல்லி, அப்படியே சுற்றிவிட்டான். அப்புறம் பக்கத்து அறையில் இருந்த ப்ளையரை எடுக்க மிதந்து போனான். திரும்பி வந்தபோது கோசலை கிண்ணத்தோடு அதே இடத்தில் மிதந்துகொண்டிருந்தாள், முகத்தில் ஒரு திருப்தியோடு.

அவன் மூடியை மாட்டினான். மூடியில் இருந்த சின்னக் கதவைச் சாத்தினான். அவள் மூடியின் மேல் பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள். இருவரும் சுண்டல் சாப்பிடப் போனார்கள்.

இப்போது மறுபடி எடைக்கு வருவோம்.

நெய்யை நிறுத்திய அடுத்த திங்கட்கிழமை வேதநாயகம் எண்பத்தெட்டு. நெய் இல்லாத பொங்கல், எண்ணெய் இல்லாத தோசை, தாளிக்காத சாம்பார் சாப்பிட்டு எண்பத்தெட்டு. சக்கரத்தில் சண்டை ஆரம்பித்தது. இரண்டு வெல்டர்கள் ஒருவர் மேல் ஒருவர், திருட்டுத்தனமாகத் தின்பதாகப் புகார் செய்தார்கள். கணினிக்காரப் பெண் நிச்சயம் ஆன பையனோடு பேசும்போது திரையில் முகத்தை மட்டும் காட்டினாள். நடந்தால் மூச்சு வாங்குகிறது, திரும்பினால் தலை சுற்றுகிறது என்று பாதிப் பேர் மருத்துவ அறை வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். தலைசுற்றலுக்கும் நெய்தான் காரணம், அது இரத்தத்தில் இன்னும் இருக்கிறது என்றார் டாக்டர். எடை இயந்திரமே தப்போ என்று ஒருவர் கேட்டதற்கு, இரண்டாவது இயந்திரத்திலும் ஏற்றிக் காட்டினார். அதுவும் அதையே சொன்னது. எடைக்கல் வைத்துப் பார்க்கலாம் என்றால், ராக்கெட்டில் கல் ஏற்றிவர யார் இடம் கொடுப்பார்கள்.

ஒரே ஒரு விஷயம்தான் இடித்தது. எல்லோருக்கும் பேன்ட் கழன்றுகொண்டிருந்தது. வேதநாயகம் பெல்ட்டில் ஆணியால் இரண்டு புது ஓட்டை போட்டிருந்தார். எடை ஏறுகிறது, இடுப்பு இளைக்கிறது. இது எப்படி என்று டாக்டரைக் கேட்டார். உள்கொழுப்பு, கெட்டியாக இருக்கும், இடம் அடைக்காது என்று டாக்டர் சொன்னார். சொல்லும்போது அவர் குரலில் அவ்வளவு உறுதி இல்லை.

அதற்கும் அடுத்த திங்கள் தொண்ணூறைத் தொட்டதும் தலைமையகம் தலையிட்டது. கோசலையின் சமையலறையை மூட வேண்டும். அடுத்த ஓடத்தில் ஒரு இயந்திரம் வரும். அளந்து வைத்த சத்துக்கூழை ட்யூபில் பிதுக்கித் தரும். அதே ஓடத்தில் கோசலை ஊருக்குத் திரும்ப வேண்டும். சனிக்கிழமை ஓடம். அதுவரை ஒவ்வொரு வேளையும் டாக்டர் முன்னிலையில், கிராம் கணக்கில் நிறுத்துப் பரிமாற வேண்டும்.

வேதநாயகம் உத்தரவைப் படித்துக் காட்டும்போது கோசலை அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊரில் நிற்பது போல, ஒரு காலை மாற்றி ஒரு காலில்.

"நான் நெய்யைத் தொட்டு ரெண்டு வாரம் ஆச்சு சார்," என்றாள்.

"எனக்குத் தெரியும்மா. ஆனா மெஷின் அப்படிச் சொல்லலையே."

"ஒண்ணு சொல்லவா? எனக்கு ஒரு மாசமா மூட்டு வலி திரும்ப வந்திருச்சு. ஊர்ல இருந்த மாதிரி. கீழ போகச் சொல்றீங்க, அங்க போய் நான் எதுல நிப்பேன்?"

அவர் கூட வந்திருந்த டாக்டரைப் பார்த்தார். எடை கூடியதால் மூட்டு வலிக்கிறது என்று டாக்டர் சொன்னார். கோசலை டாக்டரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுப்பில் உலை வைத்தாள்.

வியாழக்கிழமை காலை முதல் நிறுவை. கோசலை தன் வாழ்நாளில் அரிசியை நிறுத்ததே இல்லை. அவளிடம் ஒரு பித்தளை ஆழாக்கு உண்டு. ஆளுக்கு ஒன்று, வேதநாயகத்துக்கு ஒன்றரை. அன்று முதல் முறையாக டாக்டர் கொண்டுவந்த, பூமிக் கணக்கிலேயே எடை சொல்லும் மேசைத் தராசின் முன்னால் உட்கார்ந்தாள். வயரிங் பார்க்க வந்த மயில்சாமி ஒரு ஓரமாக நின்றான். தராசு வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக அவள் பிரிக்காத ஒரு கிலோ அரிசிப் பொட்டலத்தை எடுத்து அதன் மேல் வைத்தாள்.

ஒரு கிலோ நூற்றைம்பத்தாறு கிராம்.

இன்னொரு பொட்டலம் வைத்தாள். அதே எண். பருப்பு. அதே எண். உப்பு. அதே எண்.

கோசலை நிமிர்ந்தாள்.

"ஏன் டாக்டரம்மா, உப்புக்கும் உள்கொழுப்பா?"

டாக்டர் பொட்டலத்தை எடுத்து மறுபடி வைத்துப் பார்த்தார். மயில்சாமி அதற்குள் கதவைத் தாண்டிவிட்டான்.

அவன் முதலில் போனது ஜன்னலுக்கு. வளையம் ஒரு சுற்று சுற்றினால் சூரியன் ஒருமுறை ஜன்னலைக் கடக்கும். முப்பது வினாடி ஆக வேண்டும். கைக்கடிகாரத்தில் பார்த்தான். இருபத்தெட்டுக்கும் கொஞ்சம் குறைவு. நான்கு வாரமாக முப்பத்திரண்டு பேரில் ஒருவர்கூடச் சூரியனை எண்ணிப் பார்க்கவில்லை. எல்லோரும் தங்களையே நிறுத்துக்கொண்டிருந்தார்கள்.

யாரும் பெருக்கவில்லை. சக்கரம்தான் வேகமாகச் சுற்றி எல்லோரையும் அழுத்தியிருக்கிறது.

அப்படியானால் என்கோடர். அதை இணைத்தவன் அவன். அச்சு அறைக்கு ஏறும் வழியெல்லாம் அவன் மனதுக்குள் கம்பிகளை மாட்டிக் கழற்றினான். முனை தளர்ந்திருக்குமோ, உறை சரியாக மூடவில்லையோ, மோட்டார் இரைச்சல் உள்ளே புகுந்துவிட்டதோ. அறைக்குப் போய் மூடியின் சின்னக் கதவைத் திறந்து டார்ச் அடித்தான். கண்ணாடித் தட்டு நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் விளிம்பில், கோடுகளின் மேல், வரிசையாகப் பொட்டுகள் போயின.

ஒரு முழுச் சுற்றுக்கும் எண்ணினான். ஏழு.

அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பொட்டு மறைத்த கோடுகளைக் கண் பார்க்கவில்லை. கோடு குறைந்ததால் வளையம் மெதுவாகச் சுற்றுகிறது என்று கன்ட்ரோலர் நினைத்தது. கடமை தவறாமல் வேகத்தைக் கூட்டியது.

பின்னாலேயே கோசலை வந்து சேர்ந்தாள். டார்ச் வெளிச்சத்தைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நான்தான் தம்பி வச்சேன்," என்றாள் உடனே. "நீதானே சொன்ன, இதுதான் எல்லாமேன்னு. மூடிக்குப் பொட்டு வச்சிட்டு சாமியை விட்டுட்டா எப்படி? பூஜையன்னிக்கு ஒண்ணு. அப்புறம் எடை ஏறுதுன்னு எல்லாரும் என்னையத் திட்டினாங்களா. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வந்து, நீ சாப்பிடறப்ப இந்தக் கதவைத் திறந்து, எல்லாருக்கும் எடை குறையணும்னு வேண்டிக்கிட்டு ஒண்ணொண்ணா வச்சேன்."

"எடை குறையணும்னு?"

"குறையணும்னுதான்."

மயில்சாமி சிரித்தான். எடையில்லாத அறையில் அடக்க முடியாமல் சிரித்தால் உடம்பு தானாகச் சுழலும். அவன் சுழன்று போய்க் கூரையில் முட்டி, திரும்பி வந்து அவளை முட்டினான். எடை ஏற ஏறப் பொட்டு. பொட்டு வைக்க வைக்க எடை. வேண்டுதல் இவ்வளவு துல்லியமாகத் தலைகீழாகப் பலித்ததை அவன் கேள்விப்பட்டதே இல்லை. அவன் விளக்கிச் சொன்னதும் கோசலையும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இருவரும் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

முதலில் சிரிப்பை நிறுத்தியவள் அவள்தான்.

"இது வெளிய தெரிஞ்சா என்ன செய்வாங்க?"

அவனும் அதைத்தான் நினைத்தான். முதலில் கொழுக்க வைத்த சமையல்காரி என்று அனுப்பப் பார்த்தார்கள். இப்போது முப்பத்திரண்டு உயிரைச் சுமக்கும் கருவியில் கைவைத்தவள் என்று அனுப்புவார்கள். எப்படிப் பார்த்தாலும் சனிக்கிழமை ஓடத்தில் அவளுக்கு ஓர் இருக்கை.

நான் பொட்டு வைத்தேன், நீ இணைத்தாய், உன் மேல் பழி வரக் கூடாது, நானே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றாள் கோசலை. மயில்சாமி கன்ட்ரோலர் பெட்டியைத் திறந்து காட்டினான். உள்ளே மூன்றாவது கம்பி, டேப் சுற்றியபடி, சுருண்டு கிடந்தது.

"இது ஒரு சுத்துக்கு ஒருக்கா மணி அடிக்கும்னு சொன்னேன்ல. ரெண்டு மணிக்கு நடுவுல ஐயாயிரம் கோடு வரோணும். ஒண்ணு குறைஞ்சாலும் கன்ட்ரோலர் அப்பவே கத்தியிருக்கும். பூஜையன்னிக்கே, முதல் சுத்துலயே தெரிஞ்சிருக்கும். நீங்க பொட்டு வெச்சீங்க. நான் காதுல பஞ்சு வெச்சுட்டனுங்க்கா."

சுண்டலுக்காக என்பதை அவன் சொல்லவில்லை. அவளுக்கே தெரியும்.

பிறகுதான் அவன் கேட்டான். மொத்தம் எத்தனை வைத்தீர்கள்? பூஜைக்கு ஒன்று, மூன்று வெள்ளிக்கு மூன்று, நான்கு என்றாள். அவன் மறுபடி எண்ணினான். ஏழு. நான்கு ஒரே அளவு, மோதிர விரல் அளவு. இரண்டு பெரிது, கட்டைவிரலால் அழுத்தியது. மீதி ஒன்று சந்தனமே இல்லை. வெளிறிய ரோஜா நிறம். மூக்கைக் கிட்டே கொண்டு போனால் மருந்து வாசனை.

அவன் ஏழையும் படம் எடுத்துக்கொண்டான். எதையும் துடைக்கவில்லை.

வேதநாயகம் தன் அறையில் நின்றபடியே கேட்டார். மயில்சாமி படத்தைக் காட்டி ஆரம்பத்திலிருந்து சொன்னான். டேப் சுற்றியதையும் சேர்த்தே சொன்னான். நான்கு பொட்டு கோசலை வைத்தது என்று சொன்னபோது அவர் முகம் இறுகியது. உள்ளே பொட்டு வைக்கக் கூடாது என்று சுற்றறிக்கையே போட்டேனே என்றார். கோசலை தலைகுனிந்து நின்றாள்.

"மீதி மூணு யாருதுன்னு தெரியலைங்க சார்," என்றான் மயில்சாமி. "ரெண்டு கட்டைவிரல் அளவு. நல்லாப் பெரிய கட்டைவிரல்."

வேதநாயகம் அறைக் கதவைச் சாத்தினார். நாற்காலியில் உட்கார்ந்தார். தன் வலது கையை மேசைக்கடியில் கொண்டுபோனார்.

"இந்தம்மா வெள்ளிக்கிழமை போறதைப் பார்த்தேன்," என்றார். "நல்லதுக்குத்தான் போறாங்கன்னு நினைச்சேன். நானும் ரெண்டு தடவை... தொண்ணூறு கிலோய்யா. மனுஷன் என்ன செய்வான்?"

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்காக மயில்சாமி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு பேச்சு சுலபமாக இருந்தது. வேதநாயகம் அறிக்கை எழுத உட்கார்ந்தார். "என்கோடர் தட்டில் படிவு" என்று எழுதினார். படிவு எப்படி வந்தது என்பதற்கு, பூஜை ஏற்பாடுகளின்போது, நிலையத் தலைவரின் மேற்பார்வைக் குறைவால் என்று எழுதினார். அது பொய் இல்லை. மூன்றாவது கம்பியை விட்டுவிடலாமே என்றும் சொல்லிப் பார்த்தார். மயில்சாமி ஒத்துக்கொள்ளவில்லை. அதை எழுதவில்லை என்றால் நாளைக்கு இன்னொரு இடத்தில் இன்னொருவன் டேப் சுற்றுவான், அங்கே பொட்டுக்குப் பதில் வேறு ஏதாவது இருக்கும் என்றான். அவன் பெயரோடு அது அறிக்கையில் ஏறியது. அதற்காக அவனுக்கு ஒரு வருடம் பதவி உயர்வு இல்லை என்று பிறகு கடிதம் வந்தது.

கூழ் இயந்திரம் ஓடத்திலிருந்து இறக்கப்படவே இல்லை. எடையே ஏறவில்லை என்றால் பொங்கல் குற்றவாளி இல்லை. கோசலையின் இருக்கை ரத்தானது. வெள்ளிக்கிழமை காலை மயில்சாமி, வேகம் சட்டென்று மாறாதபடி கன்ட்ரோலரைப் பூட்டிவிட்டுத் தட்டைத் துடைத்து, அரை நாள் செலவழித்து மூன்றாவது முனைக்குப் புதுத் திருகு போட்டு, டேப்பைப் பிரித்துக் கம்பியை மாட்டினான். வளையத்தின் வேகத்தைப் பழையபடி இறக்க உத்தரவு வாங்க வேதநாயகத்திடம் வந்தபோது, அங்கே டாக்டர் அறிவுக்கொடி கையில் ஒரு தாளோடு நின்றுகொண்டிருந்தார். இரவு முழுவதும் தூங்காத முகம்.

இறக்க வேண்டாம் என்றார் டாக்டர்.

காலாண்டு எலும்புச் சோதனை முடிந்திருந்தது. குறைந்த இழுப்பில் இருப்பவர்களுக்கு எலும்பு மெல்ல மெல்லக் கரையும். சக்கரத்தில் அநேகமாக எல்லோருக்கும் கரைந்துகொண்டுதான் இருந்தது. இந்த ஒரு மாதத்தில் மட்டும் முப்பத்தொரு பேருக்கு நின்றுவிட்டது. கூடிய கனம் எலும்பைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. வேகத்தை இப்படியே வைத்துக்கொண்டால் ஊருக்குத் திரும்பும்போது ஒருவருக்கும் இடுப்பு உடையாது. தலைசுற்றல் இரண்டு வாரத்தில் பழகிவிடும்.

"முப்பத்தொரு பேரா? நாம முப்பத்திரண்டு பேராச்சே," என்றார் வேதநாயகம்.

டாக்டர் தாளை மடித்தார். "கோசலையோட எலும்பு முன்னயே நல்லா இருந்தது. மூட்டுதான் மோசம். இந்த வேகம் இருந்தா ஆறு மாசத்துல அவங்களால நிக்க முடியாது."

முப்பத்தொரு பேரின் எலும்பு ஒரு பக்கம், ஒருத்தியின் முழங்கால் மறுபக்கம். இதற்கு எந்தத் தராசும் உதவாது. கோசலையைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவள் முழுவதும் கேட்டாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? சின்னப் பிள்ளைக எல்லாம். இடுப்பு உடஞ்சு ஊருக்குப் போகணுமா? வேகம் இருக்கட்டும். நாளைக்கு ஓடத்துல நான் இறங்கிக்கிறேன்."

சொல்லிவிட்டுச் சட்டென்று திரும்பினாள். வாசலில் ஒரு காலை மாற்றி ஊன்றினாள். அந்தக் காலைத்தான் மயில்சாமி பார்த்துக்கொண்டிருந்தான். அது ஊன்றியிருந்த தரையைப் பார்த்தான். பிறகு கூரையைப் பார்த்தான்.

"ஏனுங்க சார்," என்றான். "கன்ட்ரோலரைத் தொட வேண்டாம். அக்காவைக் கொஞ்சம் மேல தூக்கினாப் போதுமே."

சொல்லிக் கேட்டால் சின்னப் பிள்ளைக்கும் தோன்றியிருக்கும். ராட்டினத்தில் விளிம்பில் இருப்பவனுக்குத்தான் வேகம் அதிகம். நடுவை நோக்கிப் போகப் போகக் குறையும். வளையத்துக்கு மேலே, அச்சுக்குப் போகும் வழியில், ஒரு சரக்குத் தளம் இருந்தது. பழைய பெட்டிகளும் உடைந்த நாற்காலிகளும் கிடந்தன. வேகம் எவ்வளவு கூடினாலும் அங்கே கனம் கால்வாசி குறைவு. அடுப்பை அங்கே கொண்டுபோனால் கோசலை பழையபடி நிற்கலாம். இன்னும் சொல்லப்போனால் பழையதைவிட நன்றாகவே நிற்கலாம். மற்றவர்கள் மூன்று வேளையும் ஏணி ஏறி வந்து சாப்பிட்டுவிட்டு இறங்க வேண்டும். அது எலும்புக்கு இன்னும் நல்லது என்றார் டாக்டர்.

சனிக்கிழமை ஓடம் இரண்டாவது என்கோடரை இறக்கிவிட்டு, கூழ் இயந்திரத்தைப் பிரிக்காமலேயே திருப்பி எடுத்துக்கொண்டு போனது.

ஞாயிற்றுக்கிழமை முப்பத்திரண்டு பேரும் சேர்ந்து அடுப்பை ஏற்றினார்கள். ஏற ஏற அடுப்பு லேசாகிக்கொண்டே வந்ததில் வெல்டர்கள் தங்களுக்குப் பலம் கூடிவிட்டதாக நினைத்துக் கூத்தடித்தார்கள். மேலே வந்து சேர்ந்ததும் கோசலை ஒருமுறை குதித்துப் பார்த்தாள். ஒரு காலில் நின்று பார்த்தாள். மற்றதில் நின்று பார்த்தாள். பிறகு நெய் டின்னைக் கேட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை காலை சுற்றறிக்கை ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. நிர்வாக வசதியை முன்னிட்டு எடை இயந்திரம் இனிமேல் சமையலறைத் தளத்தில் வைக்கப்படும். ஒப்பம், வேதநாயகம்.

அவர்தான் முதலில் ஏறினார். செருப்பைக் கழற்றவில்லை. பேனாவையும் எடுக்கவில்லை.

"அறுபத்தேழு," என்று அவரே வாசித்துவிட்டு, இலைத்தட்டை எடுத்துக்கொண்டு போனார். வரிசை முழுவதும் சிரித்துக்கொண்டே ஏறி இறங்கியது. கணினிக்காரப் பெண் அந்த எண்ணைப் படமெடுத்து நிச்சயம் ஆன பையனுக்கு அனுப்பினாள். இந்த எண் பொய் என்று எல்லோருக்கும் தெரியும். போன மாதம் ஓர் எண் பொய்யாக இருந்தபோது எல்லோரும் அழுதார்களே, இந்த மாதம் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார் டாக்டர்.

கடைசியாகச் சாப்பிட வந்தவர் அவர்தான். மயில்சாமி தனியாக உட்கார்ந்திருந்த மேசைக்கு வந்து, எதிரில் உட்கார்ந்து, பொங்கலை விரலால் ஓரமாக ஒதுக்கினார்.

"அந்தப் படம்... ஏழாவது எதுன்னு ரிப்போர்ட்ல எழுதினீங்களா?"

"படிவுன்னு மட்டும்தாங்க எழுதியிருக்குது டாக்டர்."

"நிறம்?"

"எழுதலைங்க. கேலமைன் லோஷனுக்கு என்ன நிறம்னு எனக்கெப்படித் தெரியும்?"

டாக்டர் அறிவுக்கொடி அக்கம்பக்கம் பார்த்தார். காது சிவந்திருந்தது.

"அது ஒரு சோதனைதான். வச்சா ஒண்ணும் ஆகாதுன்னு நிரூபிக்கிறதுக்கு."

"ஆச்சுங்களே," என்றான் மயில்சாமி.

டாக்டர் வாழ்க்கையில் முதல் தடவையாக வெள்ளரிக்காயைத் தள்ளி வைத்துவிட்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து, நின்றபடி பாடிக்கொண்டிருந்த கோசலையின் அடுப்பருகே போனார்.

"அக்கா," என்றார் மெதுவாக, "நெய் இன்னும் கொஞ்சம் விடுங்க."